அப்படி என்னத்தத் தின்னே?

போன மாதம் வாசுதேவநல்லூர் போயிருந்தேன். மதுரையிலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில் ராஜபாளையம், சிவகிரி தாண்டினால் வரும் ஊர். ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் மதினிக்கு உடம்பு சரியில்லை. மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, கீமோ நடந்துகொண்டிருந்தது.

நோயாளியைப் பார்க்கப் போனால் நாம் என்ன செய்வோம்? முதல் ஐந்து நிமிடம் ஆறுதல். அப்புறம் விசாரணை. அங்கேயும் அதுதான் நடந்தது.

‘‘அப்படி என்னத்தத் தின்னே?’’ என்று ஆரம்பித்தார் ஒரு பெரியம்மை. பிராய்லர் கோழிதான் காரணம் என்றார் ஒருவர். பாக்கெட் எண்ணெய் என்றார் இன்னொருவர். ஃப்ரிட்ஜில் வைத்த குழம்பு என்றது மூன்றாவது குரல். நானும் சும்மா இருக்கவில்லை. ‘‘இனிமேலாவது சாப்பாட்டுல கவனமா இருங்க மதினி’’ என்றேன்.

எல்லோரும் போன பிறகு மதினி மெதுவாகக் கேட்டார்: ‘‘தம்பி, நான் அப்படி என்னத்தத் தின்னுட்டேன்? எல்லாரும் தின்னது போக மிச்சத்தத்தான நான் திங்கேன்?’’

என்னிடம் பதில் இல்லை. பஸ்ஸில் வரும்போது முழுக்க அந்தக் கேள்விதான் கூடவே வந்தது.

சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறதே, அதுதான் அழற்சி. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. காயம் ஆறியதும் அடங்கிவிட வேண்டும். அடங்காமல் சாம்பலுக்குள் கங்கு மாதிரி வருடக்கணக்கில் கனன்றால், செல்கள் கெட்டுப்போக வாய்ப்பு கூடுகிறது. அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் உறவு இருக்கலாம் என்று ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1863-லேயே சொல்லிவிட்டார். உடலில் சேரும் அதிகப்படி கொழுப்பு இந்தக் கங்கை ஊதிவிடுகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண் உடலில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதும் பெரும்பாலும் அந்தக் கொழுப்பில்தான். எனவே அந்த வயதில் உடல் பருமன் ஆபத்தைக் கூட்டும். மதுவும் கூட்டும். உடற்பயிற்சி குறைக்கும். தாய்ப்பால் கொடுப்பதும் ஓரளவு குறைக்கும்.

இதெல்லாம் உண்மை. ஆனால், எந்த அளவுக்கு உண்மை?

அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 48,835 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்குக் கொழுப்பு குறைந்த உணவு. மற்றவர்களுக்கு வழக்கமான சாப்பாடு. சுமார் எட்டு வருடம் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். உணவை மாற்றியவர்களில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் கொஞ்சம் குறைவு. ஆனால், அந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட இருக்கலாம் என்கிற அளவுக்குத்தான் இருந்தது. அவர்களையே தொடர்ந்து சுமார் இருபது வருடம் கவனித்தபோது, அந்த நோயால் ஏற்பட்ட மரணங்கள் குறைந்திருந்தன. ஆக, உணவு பயன் தருகிறது. ஆனால், அது உத்தரவாதம் இல்லை. இந்த நோய் வரும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெண் என்பதும் வயதும் தவிர வேறு குறிப்பான காரணமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நான் பி.காம். படித்தவன். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். நாற்பது வயதுக்காரர்கள் ஆயிரம் பேரில் இந்த வருடம் எத்தனை பேர் இறப்பார்கள் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியால் ஓரளவு கணக்கிட முடியும். யார் என்று சொல்ல முடியாது. ஆபத்து என்பது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. அதை எடுத்து ஒருத்தி தலையில் வைத்து, ‘நீ இதைத் தின்றாய், அதனால் வந்தது’ என்பது கணக்கே அல்ல, தீர்ப்பு. உடம்பு ஒன்றும் பற்றும் வரவும் பைசா சுத்தமாக டேலி ஆகிற பேரேடு இல்லை.

‘சரிய்யா, அக்கறையில்தானே சொல்கிறோம்?’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் அக்கறையில்தான் சொன்னேன். ஆனால், நோய் வருமுன் சொன்னால் அறிவுரையாக இருக்கிற அதே வார்த்தை, வந்த பிறகு சொன்னால் குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது.

அந்தக் குற்றச்சாட்டுக்கு ஒரு விலையும் இருக்கிறது. மதினி கட்டியைக் கவனித்தது ஆறு மாதத்துக்கு முன்னால். வீட்டில் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். ‘‘என்ன பாவம் பண்ணினாளோம்பாங்க. அதான்...’’ என்றார். அந்த ஆறு மாதத்தைத் தின்றது பிராய்லர் கோழியா, நம் வாயா?

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையினர் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து இருபது வருடம் நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. பெரிய மெஷின் எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள், அவ்வளவுதான். 50 வயதைக் கடந்தவர்களில் இந்த நோயால் வரும் மரணம் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்தது. சீக்கிரம் சொல்லி, சீக்கிரம் பார்த்ததன் பலன் அது. பயமும் வெட்கமும் இருக்கிற வீட்டில் ஒருத்தி சீக்கிரம் சொல்வாளா?

வாசுதேவநல்லூரில் சிந்தாமணிநாதர் கோயில் இருக்கிறது. சுவாமி அங்கே அர்த்தநாரீஸ்வரர். உடம்பில் சரிபாதியைப் பெண்ணுக்குக் கொடுத்தவரைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறோம். மளிகை லிஸ்ட்டுக்குக் காசு கொடுப்பது நாம். பொரித்தது வேண்டும் என்று கேட்பது நாம். கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடுவது அவள். நோய் வந்ததும் சமையலறைக்கு முழுப் பொறுப்பும் அவளுக்கா?

உணவைப் பற்றிப் பேசுங்கள், தாராளமாக. வீட்டில் எல்லோரும் ஆரோக்கியமாக இருக்கும் நாளில், எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். கீரையும் பயறும் உங்கள் தட்டிலும் இருக்கட்டும். முப்பது வயது தாண்டிய பெண்களை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நோய் வந்த பிறகு ‘என்னத்தத் தின்னே?’ என்று கேட்காதீர்கள். ‘சாப்பிட்டியா?’ என்று கேளுங்கள்.

மதினிக்கு நேற்று போன் பண்ணி அதைத்தான் கேட்டேன். ‘‘இப்பத்தான் தம்பி, உங்க அண்ணன் கஞ்சி வச்சுக் குடுத்தாவ. உப்புதான் கூடிப்போச்சு’’ என்றார். சிரித்தார்.