தாழி கூறும் தருமம்



சென்ற மாதம் நாயுடுபேட்டையிலிருந்து சென்னைக்குச் சென்றிருந்தபோது, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலுள்ள அமராவதிச் சிற்பங்களைக் காண விரும்பி, என் பேரனையும் உடனழைத்துச் சென்றேன். ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் வைக்கப்பட்டுள்ள இடத்தில், ஈமத்தாழியொன்றின் முன் அச்சிறுவன் நின்றுவிட்டான். "தாத்தா, இதற்குள் இருந்தவரைக் கேட்டுக்கொண்டா எடுத்து வந்தார்கள்?" என்று வினவினான். எனக்கு உடனே விடை கூற இயலவில்லை.

ஆதிச்சநல்லூர் தாமிரபரணிக் கரையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. 1876-இல் ஜாகர் என்னும் ஜெர்மானியர் அங்குத் தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ என்பார் பல தாழிகளை வெளிப்படுத்தினார். எலும்புகளோடு பொன் நெற்றிப்பட்டங்களும், வெண்கலக் கலங்களும், இரும்பு வாள்களும், நெல்லின் உமியும் கிடைத்தன. 2004-இல் மீண்டும் அகழாய்வு தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் கண்டெடுக்கப்பட்டன. 2023 முதல், குழிகளின் மேல் கண்ணாடித் தளமிட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே மக்கள் காணும்படி செய்துள்ளனர்.

உமி என்றதும் என் நெஞ்சம் துணுக்குற்றது. அரிசி ஆலையில் இருபத்தேழாண்டுகள் உழைத்தவன் நான். உமியை நாங்கள் குப்பையென்று கொட்டுவோம், அடுப்பெரிப்போம். அஃதோ எத்தனையோ நூற்றாண்டுகள் மண்ணுள் கிடந்து, 'எம்மவர் பசித்திருக்கலாகாது' என்று எவரோ நினைத்ததற்குச் சாட்சியாயிற்று.

இவ்விடத்தில் என் குற்றமொன்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். என் அன்னையார் மறைந்தபோது நான் தம்மத்தைத் தழுவிச் சில திங்களே ஆகியிருந்தன. என் தங்கை, அம்மாவின் வெற்றிலைச் சுருக்குப்பையைக் குழியில் வைக்க வந்தாள். "பிணம் வெற்றிலை போடுமோ? இது மூடத்தனம்" என்று அதைப் பிடுங்கி எறிந்தேன். அவள் அழவில்லை. ஆயினும் அதன்பின் ஓராண்டு என் வீட்டுப்படி ஏறவில்லை.

இறந்தவர் உண்பதில்லை என்று நான் சொன்னது உண்மைதான். தாழியின் உமியே அதனை மெய்ப்பிக்கின்றது. பொன்னும் அவரைப் பின்தொடரவில்லை. ஆனால் என் தங்கை தந்தது வெற்றிலையன்று, அன்பு. செயலின் நன்மை தீமை மனத்தின் எண்ணத்தைப் பொறுத்தது என்பதே நம் பகவனின் போதனையன்றோ? அவ்வாறாயின், அன்று அவளது எண்ணம் தூயது. உண்மை பேசிய என் எண்ணத்திலோ செருக்கு இருந்தது. சடங்கை மறுக்கலாம், அழுகின்றவரை இகழலாகாது. அப்பையை வாங்கி வைத்துக்கொண்டு, அம்மாவின் பெயரால் பசித்தவர்க்கு ஒருவேளை அன்னமிடுவோம் என்று நான் அவளிடம் சொல்லியிருக்கலாம்.

பேரன் கேட்ட கேள்விக்கும் இதே அளவுகோல் பொருந்தும். சுடுகாட்டுத் தியானங்கள் ஒன்பது என்று நம் சூத்திரம் வகுத்துள்ளது. அவ்வாறு 'என் உடலும் இத்தன்மையதே' என்று எலும்பை நோக்குவோன் கற்கின்றான். வேடிக்கையென நோக்குவோன் இறந்தவரை இழிவுபடுத்துகின்றான். விலை பேசுவோன் அதனினும் கீழானவன். 1898-இல் பிப்ரவாத் தூபியில் புத்தர்பிரானின் அஸ்தியோடு கிடைத்த மணிகளுள் ஒரு பகுதி, 2025 மே மாதத்தில் ஹாங்காங்கில் ஏலத்திற்கு வரவிருந்தது. இந்திய அரசு எதிர்க்கவே ஏலம் நின்று, ஜூலையில் அவை தாயகம் திரும்பின. நம் ஆசானின் அஸ்தியோடு வைத்த காணிக்கைக்காக நெஞ்சு பதறிய நாம், பெயரறியா உழவனின் தாழிக்கும் அவ்வாறே பதறவேண்டாமா? ஈமத்தின் முன் இருவரும் ஒன்றே.

திரும்பும் இரயிலில் பேரனிடம், "கேட்கவில்லையப்பா. கேட்க முடியாதவர் என்பதனாலேயே நாம் அவரிடம் கூடுதல் மரியாதையோடு நடக்க வேண்டும்" என்றேன். ஊர் வந்ததும் முதலில் தங்கை வீட்டுக்குச் சென்று, இத்தனை ஆண்டுகளாகக் கேளாத மன்னிப்பைக் கேட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் எனக்குச் சோறு போட்டாள்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்குமாக!