பாத்திரத்தின் மீது பழி

கதை எழுதுகிறவர்களுக்குச் சௌகரியமான பொய் ஒன்று உண்டு. "நான் என்ன செய்வேன்? அந்தப் பாத்திரம் அப்படிப் போய்விட்டது!" என்போம். என் கதாநாயகி ஒருத்தி கிணற்றில் விழுந்தபோது, "ஏன் சாகடித்தீர்கள்?" என்று கேட்டெழுதிய ஓர் அம்மாளுக்கு நானும் அப்படித்தான் பதில் போட்டேன். அது பொய் என்று எனக்கு உறைத்தது ஒரு விளையாட்டு மேஜையில்.

சென்ற வருஷம் அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை அவன் நண்பர்கள் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆடக் கூடினார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட விளையாட்டு அது. அதற்கு முன்பு பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் படை நடத்துவார்கள். இவர்கள் படைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு மனிதனைக் கொடுத்தார்கள். ஒருவர் கதையின் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போக, மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று வேஷம் ஏற்று, "நான் இன்னது செய்கிறேன்" என்பார்கள். பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஒருவரையொருவர் ஜெயிக்கும் ஆட்டமல்ல.

அன்று திருடனாக வந்தவர் குரலை மாற்றிப் பிரமாதமாக நடித்தார். கூட வந்த மந்திரக்காரி தூங்கும்போது அவள் கோலைத் திருடி விற்றும் விட்டார். அந்தப் பெண் அன்றுதான் முதல் தடவையாக ஆட வந்தவள். "ஏன் இப்படி?" என்றாள்.

"திருடன் வேறென்ன செய்வான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு முறை வந்தபோதெல்லாம், "நீங்களே சொல்லுங்கள்" என்று ஒதுங்கிவிட்டாள்.

திருடன் திருடுவான், வாஸ்தவம். ஆனால் அந்தத் திருடனைப் பண்ணியது யார்? கை அரிக்க அரிக்கக் கோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டுப் போகிற திருடன் திருடனில்லையா? அவனைப் பற்றி நான் இரண்டு அத்தியாயம் எழுதுவேன்!

அதற்காக எல்லோரும் சத்தியசந்தர்களாக வேஷம் போட வேண்டுமா? வேண்டாம். மூலையில் ஒருவர் கோழை வீரனாக ஆடினார். நடிப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை, சொந்தக் குரல்தான். குகை வாசல் வந்தது. அவர் அந்தப் பெண் பக்கம் திரும்பி, "எனக்கு உள்ளே போகப் பயமாயிருக்கிறது. நீ முன்னால் போகிறாயா?" என்றார்.

அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பகடையைக் கையில் எடுத்தாள்.

ஊர் திரும்பியதும் அந்த அம்மாளின் கடிதத்தைத் தேடினேன். விலாசம் பாதி அழிந்திருக்கிறது.