ஒட்டகத்தின் கயிறும் வண்டியின் கொண்டியும்



மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியிலிருந்து கோவைக்குச் சரக்கு கொண்டு வரும் சகோதரர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்ததும் நம்மைத் தனியே அழைத்தார். ஐம்பது வயதைக் கடந்தவர், ஜமாஅத் தவறாதவர். அவருடைய பிக்கப் வண்டி காரமடையைத் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, பின் கதவின் கொண்டி கழன்று, 45 கிலோ மூட்டை ஒன்று சாலையில் விழுந்துவிட்டது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த வாலிபர் அதில் மோதி விழுந்தார். வலது தோள் எலும்பு முறிந்தது. லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர் அவர். கை ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

"ஹஜ்ரத், மூட்டை விழணும்னு அல்லாஹ் எழுதியிருந்தான், விழுந்துருச்சு. இதுல என் மேல என்னங்க குத்தம்? ஏத்துனதும் கொண்டி மாட்டுனதும் மண்டி ஆளுங்க. அடிபட்டவரும் நம்மாளு இல்லீங்க" என்றார் சகோதரர். சொல்லி முடித்ததும் அவரே தலையைக் குனிந்துகொண்டார். மனம் சமாதானமாக இருந்தால் நம்மிடம் வந்திருக்க மாட்டார் அல்லவா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பதா, அவிழ்த்து விட்டுவிட்டு வைப்பதா என்று ஒருவர் கேட்டதும், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்ததும் திர்மிதீயில் பதிவான செய்தி. இதை மிம்பரில் நாம் எத்தனையோ முறை சொல்லிவிட்டோம். கேட்பவர்களும் அடுத்த வரி என்னவென்று அறிந்து தலையாட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒட்டகத்துக்கும் இந்தக் கொண்டிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒட்டகம் ஓடிவிட்டால் நஷ்டம் அதன் சொந்தக்காரருக்கு. கொண்டி கழன்றால் நஷ்டம், பின்னால் வரும் யாரோ ஒருவருக்கு. தன் ஒட்டகத்தையே கட்டச் சொன்ன மார்க்கம், அடுத்தவர் உயிருக்கு என்ன சொல்லியிருக்கும்?

சொல்லியிருக்கிறது. பள்ளிவாசல் வழியாகவோ கடைவீதி வழியாகவோ அம்புகளைக் கொண்டு செல்பவர், எவரையும் கீறிவிடாதபடி அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உள்ளது. அம்பு கொண்டு போவது ஹலால். கடைவீதியில் நடப்பதும் ஹலால். அப்படியிருந்தும் முனை கைக்குள் இருக்க வேண்டும். இன்று ஒப்பணக்கார வீதியிலும் உக்கடத்திலும் யாரும் அம்பு சுமந்து போவதில்லை. இரும்புக் குழாயும் பிளைவுட்டும் தேங்காய் மூட்டையும் போகின்றன.

மத்ரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயா கிதாபில், ஹிஜ்ரி 593-ல் வஃபாத்தான இமாம் புர்ஹானுத்தீன் மர்கீனானி (ரஹ்) அவர்கள் இந்த மஸ்அலாவையே தனியாக எழுதியிருக்கிறார்கள். பாதையில் ஒரு பொருளைச் சுமந்து செல்பவரிடமிருந்து அது விழுந்து, ஒருவர்மேல் பட்டுச் சேதம் உண்டானாலும், விழுந்து கிடந்ததில் ஒருவர் தடுக்கி விழுந்தாலும், சுமந்தவரே ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். அவர் உடுத்தியிருந்த மேல்துண்டு நழுவி விழுந்து அதனால் சேதம் வந்தால் அவர்மீது பொறுப்பில்லை. காரணத்தையும் இமாம் அவர்கள் விளக்குகிறார்கள். சுமை கொண்டு போகிறவரின் நோக்கமே அதைக் காத்துக் கொண்டு சேர்ப்பதுதான். ஆகவே பிறருக்குத் தீங்கு வராமல் கொண்டு போ என்று அவருக்கு நிபந்தனை விதிப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. உடுத்திய துணியை எவரும் அவ்வாறு காவல் காத்துக்கொண்டு நடப்பதில்லை. பொதுப்பாதையில் செல்வது அனைவருக்கும் அனுமதிக்கப்பட்டதுதான். பிறர் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற ஷர்த்தோடு கூடிய அனுமதி அது. ஒட்டகமும் கழுதையும் சுமை தூக்கிய காலத்தில் எழுதப்பட்டது, நம் டாட்டா ஏஸுக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்!

இந்தச் சட்டம், அடிபட்டவர் எந்த மார்க்கத்தவர் என்று விசாரிக்கவில்லை. தம் உயிருக்கும் பொருளுக்கும் எவரால் தீங்கு வராது என்று மக்கள் நம்பியிருக்கிறார்களோ அவரே முஃமின் என்று நபிமொழி உண்டு. மக்கள் என்றுதான் வந்திருக்கிறது.

தக்தீரை நாம் ஈமான் கொண்டிருக்கிறோம். மூட்டை விழுந்தது அல்லாஹ்வின் நாட்டத்தில் அடங்கியதே. ஆனால் விதியைக் கொண்டு நம் நஷ்டத்தில் ஆறுதல் அடையலாமே தவிர, அடுத்தவருக்கு நாம் கொடுக்க வேண்டியதைத் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது. அடுத்தவர் கடையில் கடன் வாங்கியவர், அதுவும் எழுதப்பட்டதுதானே என்று சொன்னால் கடைக்காரர் விடுவாரா? ஹக்குல் இபாத் தவ்பாவினால் மட்டும் தீராது. உரியவர் மன்னிக்க வேண்டும், அல்லது அவருக்குச் சேர வேண்டியது சேர வேண்டும்.

இனிக் கொண்டியைப் பற்றி. வண்டியோட்டும் சகோதரர்களிடம் விசாரித்தபோது அவர்கள் சொன்னது: கதவு மூடியதுபோலத் தெரியும், ஆனால் ஒரு பக்கத்துக் கொண்டி பாதிதான் விழுந்திருக்கும். மூட்டைகள் உள்ளிருந்து கதவைத் தள்ளிக்கொண்டிருக்க, பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது அது கழன்றுவிடும். ஆகவே கண்ணால் பார்ப்பது போதாது. இரண்டு பக்கமும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த கொண்டியை மாற்ற வேண்டும்; அதுவரை கயிறோ சங்கிலியோ போட்டுக் கட்ட வேண்டும். கொஞ்ச தூரம் ஓடியபின் நிறுத்தி இன்னொரு முறை பார்ப்பது நல்லது. நீளமான சரக்குக்காகக் கதவைத் தொங்கவிட்டு ஓட்டினால், பல வண்டிகளில் பின் விளக்கும் நம்பர் தகடும் மறைந்துபோகும். சரக்கு அளவு மீறி நீட்டிக்கொண்டு இருந்தால் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். (அபராதத்துக்குப் பயந்து சிவப்புத் துணி கட்டுகிறவர்கள், அல்லாஹ்வுக்குப் பயந்து கயிறு கட்டினால் இன்னும் நல்லது.)

இரவில் அல்லாஹ்வின் பெயர் சொல்லிக் கதவைத் தாழிடவும், தண்ணீர்த் தோல்பையின் வாயைக் கட்டவும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பிஸ்மியும் கையின் வேலையும் ஒன்றாகவே சேர்ந்து நடக்கின்றன. பிஸ்மி சொல்லிவிட்டுக் கட்டாமல் விடுவது சுன்னத் அல்ல. வாகன துஆவை நம்மில் பலர் ஸ்டிக்கராக ஒட்டி வைத்திருக்கிறோம். பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து அதை ஓதினால் எவ்வளவு அழகு! வீட்டிலுள்ள தாய்மார்களும் இதில் பங்கு பெறலாம். விடியலில் டீ ஃபிளாஸ்க்கைக் கையில் கொடுக்கும்போது, "பின்கதவு இழுத்துப் பார்த்தீங்களா?" என்று கேட்கும் ஒரு வார்த்தைக்கும் இன்ஷா அல்லாஹ் கூலி உண்டு.

நம்மிடம் கேட்ட சகோதரருக்கும் இதையே சொன்னோம். கொண்டியை மாட்டியது மண்டி ஆட்களாக இருக்கலாம். ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் பணம் வந்தால் வரட்டும். அதற்காக அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்துவிடக் கூடாது என்றோம். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீங்க கூட வர்றீங்களா?" என்றார்.

சென்றோம். வாலிபரின் தாயார்தான் கதவைத் திறந்தார்கள். சகோதரர், "தப்பு என்னுதுங்கம்மா, நான் இறங்கிப் பாக்கல" என்றார். அந்த அம்மா கோபப்பட்டார்கள்; பட வேண்டியதுதான். பிறகு உள்ளே உட்காரச் சொன்னார்கள். வேலைக்குப் போகாத நாட்களின் கூலியைக் கணக்கிட்டு, நான்கு தவணையாகக் கொடுப்பதென்று பேசி முடித்தோம். மூன்று கொடுத்தாயிற்று. கடைசித் தவணையை வரும் முதல் தேதி கொடுக்கிறார்.