நிலக்காட்சியும் மறைந்த மாந்தரும்

அழகிய நிலக்காட்சி ஓவியத்திற்கு அறப்பொறுப்பு உண்டோ? இன்பம் பயப்பதே கலை. அதனிடம் வரலாற்றுக் கணக்குக் கேட்டல் பொருந்தாது என்பர் ஒருசாரார். இக்கூற்று ஆராய்தற்குரியது.

செப்புத்தகட்டில் அமிலங்கொண்டு பொறித்து அச்சிடும் நிலக்காட்சி, பதினேழாம் நூற்றாண்டில் குளோட் லொறெய்னின் கையிற் சிறப்புற்றது. ஆயரும் ஆநிரையும் அமைதியுற்றிருக்கும் அவ்வுலகில் வரியுமில்லை, பசியுமில்லை. அம்மரபிற் பயின்ற கண்களே பின்னர் இலங்கையையும் நோக்கின. சாமுவேல் டானியல் 1808 இல் இலண்டனில் வெளியிட்ட பன்னிரு பொறிப்போவியங்கள் இதற்குச் சான்று.

கொழும்பு கிராண்ட்பாசில் களனி கங்கையின்மீது 1820களில் அமைந்த படகுப் பாலமும், 1895 இல் விக்டோரியா பாலம் எழும்வரை, இத்தகைய கண்களுக்கு இனிய காட்சியாயிற்று. ஆறு, தென்னை, மாட்டுவண்டி யாவும் அங்கு ஒன்றோடொன்று இயைந்தன. ஆயின், அப்பாலம் இணைத்த கண்டி வீதி இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்பால் அமைந்தது. 1867 இல் கண்டிக்குப் புகையிரதம் செல்லும்வரை அவ்வழியே வண்டிகள் சுமந்துவந்த கோப்பியோ, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழி நடந்து, வழியிற் பலரைப் பறிகொடுத்த தமிழகத் தொழிலாளர் பறித்தது. வண்டி காட்சிக்கு அணி. சுமையின் வரலாறு காட்சிக்குப் புறம்பு.

ஆளற்ற நிலமே அழகிய நிலம் எனக் காணும் பார்வை ஓவியத்தோடு நிற்பதன்று. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலக் கட்டளைச் சட்டம், காடும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிறுவப்படும்வரை, முடிக்கே உரியனவெனக் கொண்டது. ஊரார் சேனை செய்த நிலமும் இவ்வாறு வெற்றிடமாயிற்று. ஓவியம் சட்டத்தை இயற்றவில்லை. எனினும் இரண்டும் ஒரே வெறுமையைக் கண்டன.

நம் திணைமரபு இக்குறையற்றது எனப் பெருமை கொள்ளலாமோ? நிலத்தோடு அந்நில மக்களையும் அவர்தம் தொழிலையும் கருப்பொருளாகக் கொண்ட சிறப்பு அதற்குண்டு. ஆயினும், அடியோரையும் வினைவலரையும் தொல்காப்பியம் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்திற்று. தொழில் உள்ளே வந்தது. ஏவல் செய்வோரின் காதல் வெளியே நின்றது. இலட்சிய உலகம் எதுவும் யாரையேனும் வாயிலில் நிறுத்தியே அமைகின்றது போலும்.

ஆகவே அழகைப் பொய்யென ஒதுக்குதல் தீர்வாகாது. அமைதிக்கு ஏங்கும் மனித உள்ளம் அதில் மெய்யாகவே உறைகின்றது. ஆனால் அவ்வமைதி யாருடைய உழைப்பால் வாய்த்தது என வினவாத சுவை, அறியாமையிலிருந்து உடந்தைக்கு நழுவுகின்றது. ஓவியன் விட்டவற்றை நிரப்பிக் காண்பது காண்போனின் கடன். அக்கடனைச் செலுத்தியபின் எஞ்சும் அழகே உண்மையழகு எனலாம்.