பி0532

ஏ.சி. குளிராத காரில் ஸ்கேனரைச் செருகினால் வரக்கூடிய குறியீடுகளில் ஒன்று பி0532. அதன் விரிவு: 'ஏ.சி. ரெஃப்ரிஜரன்ட் பிரஷர் சென்சார் சர்க்யூட் லோ'. இதைப் பெரும்பாலும் இரண்டு விதமாக வாசிக்கிறோம். ஒன்று, 'கேஸ் குறைஞ்சிருச்சு'. இன்னொன்று, 'சென்சார் போயிருச்சு'. அந்த வரியில் இந்த இரண்டுமே கிடையாது.

வழக்கமாக இந்த சென்சாருக்கு மூன்று ஒயர்கள். ஒன்றில் 5 வோல்ட் வரும், இன்னொன்று எர்த், மூன்றாவது சிக்னல். குழாயில் கேஸின் அழுத்தம் ஏற ஏற சிக்னலின் வோல்ட்டும் ஏறும். பொதுவாக அது அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் நடுவில் இருக்கும். அதற்கும் கீழே பூஜ்யத்தை ஒட்டி விழுந்தால், வண்டியின் கணினி அந்த அளவை நம்புவதில்லை. கம்ப்ரஸரை ஓடவிடாமல் நிறுத்திவிட்டு, பி0532 என்று பதிந்துவைக்கிறது. 'லோ' என்று அது சொல்வது வோல்ட்டை. 'சர்க்யூட்' என்று அது சொல்வது, ஒயர், சாக்கெட், சென்சார், கணினி எல்லாம் சேர்ந்த பாதையை. அந்தப் பாதையில் எது கெட்டது என்று அது சொல்லவில்லை. அதற்குத் தெரியவும் தெரியாது.

சென்சார் உள்ளே செத்திருக்கலாம். 5 வோல்ட் வந்து சேராமல் இருக்கலாம். சாக்கெட்டில் பச்சை பிடித்திருக்கலாம். எலி கடித்தோ உரசியோ ஒயரின் தோல் போய், அது பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அபூர்வமாகக் கணினியிலேயே கோளாறு இருக்கலாம். மணிமேகலையில் அறவண அடிகள் தர்க்கம் சொல்லிக்கொடுக்கும்போது புகையை வைத்து நெருப்பை அறிவது உதாரணமாக வருகிறது. அங்கே புகைக்கு நெருப்பு ஒன்றுதான் காரணம் என்பதால் அந்த அனுமானம் நிற்கிறது. இங்கே புகை ஒன்று, நெருப்பு ஐந்து. புகையைப் பார்த்ததும் ஒரு நெருப்பின் பெயரைச் சொல்லிவிட்டால், அதை அனுமானம் என்று எப்படிச் சொல்வது?

போன கத்திரி வெயிலில் என் வண்டிக்கு இதே குறியீடு வந்தது. முதலில் போன இடத்தில் ஸ்கேனரைப் பார்த்த கையோடு, "சென்சார் சார், மாத்திரலாம்" என்றார்கள். மாற்றினார்கள். இரண்டாம் நாள் மறுபடியும் பி0532. "அப்ப கம்ப்ரஸரா இருக்கும் சார்" என்றார்கள். பிறகு போனது கோவையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம். அவர் முதலில் செய்தது சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றியதுதான். "கழட்டுனா இந்த வண்டியில வோல்ட் மேல ஏறோணுங்க. ஏறலை பாருங்க, சைபர்லயே நிக்குது. சென்சார் மேல தப்பில்லைங்க. சிக்னல் ஒயர் எங்கயோ பாடியத் தொடுது." ஒயர்க்கட்டைத் தடவிக்கொண்டே போய், பேட்டரித் தட்டுக்குப் பின்னால் தோல் தேய்ந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். டேப் சுற்றி, ஸ்லீவ் போட்டார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

எவ்வளவு என்று கேட்டேன். அவர் தயங்கினார். "பார்ட்டு எதும் போடலீங்களே... பாத்துக் குடுங்க."

அந்தத் தயக்கம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். தேவையில்லாத சென்சாருக்கு அச்சடித்த விலையும் பில்லும் இருந்தது. சரியாகக் கண்டுபிடித்ததற்கு விலையே இல்லை. கேட்கவே அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? "சும்மா பாத்ததுக்குக் காசா?" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த நாம்தான். 'தெரியலைங்க, பாக்கணும்' என்பது ஒரு மெக்கானிக் சொல்லக்கூடிய நேர்மையான வாக்கியம். அதைச் சொல்பவரை விட்டுவிட்டு, உடனே ஒரு பெயர் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்கிறோம். பிறகு ஊரில் பார்ட் மாற்றுகிறவர்கள்தான் மிஞ்சுகிறார்கள் என்று புலம்புகிறோம்.

மறுபக்கமும் உண்டு. நாளுக்குப் பத்து வண்டி வரும் இடத்தில் ஒவ்வொரு ஒயரையும் தடவிக்கொண்டிருக்க முடியாது. அடிக்கடி கெடுவது எதுவென்று அனுபவம் சொல்கிறதோ அதை முதலில் மாற்றிப் பார்ப்பது ஒன்றும் குற்றமில்லை. ஊகிக்காமல் எந்த வேலையும் நடக்காது, வைத்தியமும் அப்படித்தான். ஆனால் ஊகத்தை ஊகம் என்று சொல்ல வேண்டும். 'சென்சாரா இருக்கலாம், மாத்திப் பாக்கலாமா?' என்று கேட்டால் முடிவெடுப்பது நான். 'சென்சார் போயிருச்சு' என்றால், அவருக்குத் தெரியாததற்கு நான் பணம் கட்டுகிறேன், அதுவும் எனக்குத் தெரியாமலே. தப்பு இருக்கும் இடம் அதுதான். ஊகம் ஒருவருடையது, செலவு இன்னொருவருடையது.

காரோடு முடிகிற விஷயமாக எனக்கு இது தோன்றவில்லை. கணக்கில் மார்க் குறைவு என்பதும் ஒரு 'சர்க்யூட் லோ'தான். பையனுக்குக் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம், வீட்டில் தூங்க இடமில்லாமல் இருக்கலாம், சொல்லிக்கொடுத்தவருக்கே புரியாமல் இருக்கலாம். 'மக்கு' என்று சொல்லிவிட்டால் சொன்னவருக்கு வேலை முடிந்துவிடுகிறது. ஊகத்தின் செலவை அந்தப் பையன் ஆயுள் முழுக்கக் கட்டுகிறான். கணினியிடம் இருக்கும் அடக்கம் இந்த விஷயத்தில் நம்மிடம் இல்லை. தனக்கு வந்து சேர்ந்த அளவு சரியில்லை என்பதை மட்டும் அது சொல்கிறது, யாரையும் கைகாட்டுவதில்லை. அங்கிருந்து காரணம் வரை நடந்துபோவது மனிதர்களின் வேலை. அது முக்கால் மணி நேர வேலை, கூலி கொடுக்க வேண்டிய வேலை.