வெட்கங்கெட்டவள் யார்?

1901 செப்டம்பர் 28 அன்று பாரிஸில் வெளிவந்த 'லாசியெத் ஒ பேர்' என்ற கேலிச்சித்திர இதழை ழான் வெபேர் என்ற ஓவியர் வரைந்தார். தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர் நடத்திய தடுப்பு முகாம்கள்தான் அந்த இதழின் பொருள். போயர் கெரில்லாக்களுக்குச் சோறு கிடைக்காமல் செய்வதற்காகப் பண்ணைகளைக் கொளுத்தி, அங்கிருந்த பெண்களையும் குழந்தைகளையும் கூடாரங்களில் அடைத்திருந்தார்கள். (பிடிபட்ட ஆண்களில் சில ஆயிரம் பேரைக் கப்பலேற்றி இலங்கையின் தியத்தலாவைக்கு அனுப்பினார்கள்.) வெபேரின் படங்களில் மனிதர்கள் முள்கம்பிக்குள் சாகிறார்கள். படத்தின் கீழே, எல்லாம் நலமே என்று அரசாங்க அறிக்கையின் குரல் பேசுகிறது. பொய்யை அதன் வாயாலேயே பேசவிடும் இந்தப் பகடி நூறாண்டு கடந்தும் உறைக்கிறது.

ஆனால் புகழ்பெற்றது வேறொரு படம். இங்கிலாந்தின் உருவமான ஒரு பெண் பாவாடையைத் தூக்கிப் பின்புறத்தைக் காட்டுகிறாள். அந்தப் பின்புறத்தில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முகம். தலைப்பு 'வெட்கங்கெட்ட ஆல்பியன்'. ஆல்பியன் என்பது இங்கிலாந்தின் பழைய பெயர்.

முதன்முதலாகப் பார்த்தபோது நான் சிரித்தேன். இப்போதும் சிரிப்பு வருகிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ஒரு பேரரசனை இவ்வளவு சுருக்கமாகக் கவிழ்த்த படங்கள் குறைவு. ஒருமுறை வகுப்பில் இதைக் காட்டியபோது பிள்ளைகளும் சிரித்தார்கள். பின்வரிசை மாணவி ஒருத்தி மட்டும் கேட்டாள்: "ராஜா செஞ்ச தப்புக்கு அந்தம்மா ஏன் மேடம் பாவாடையத் தூக்கணும்?"

அவள் கேள்வியிலிருந்துதான் இதை எழுதுகிறேன். போரை நடத்திய ராபர்ட்ஸ், கிச்சனர் தொடங்கி நாடாளுமன்றத்தின் கடைசி உறுப்பினர்வரை எல்லோரும் ஆண்கள். பிரிட்டனில் பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாக்குரிமை கிடைத்ததே 1918இல்தான். ஆனாலும் நாட்டின் வெட்கக்கேட்டைச் சுமக்க ஒரு பெண்ணுடல் வந்து நிற்கிறது. மன்னனின் முகத்தை அங்கே வைத்தால் அது அவமானமாக வேண்டுமென்றால், அந்த உடல் இழிவானது என்று பார்ப்பவர் மனதில் ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும். பகடிக்காரர் அந்த இழிவைப் புதிதாக உண்டாக்கவில்லை, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார். நம்மூரில் வேலை செய்யாத அதிகாரிக்குத் தட்டில் சேலையும் வளையலும் வைத்து எடுத்துப்போகும் போராட்டமும் இதே கணக்குதான். அந்தத் தட்டைப் பல நேரம் பெண்களே ஏந்திப் போகிறோம்.

பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. மன்னரின் முகம் ரசக்குறைவாகப் பட்டதால், மறுபதிப்புகளில் அந்தப் பின்புறத்தின்மேல் துணி வரைந்து மூடினார்கள். அதே இதழில் செத்துக்கிடந்தவர்களை மூட யாரும் துணி தேடவில்லை.

அதே ஆண்டில் எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலேயப் பெண் கேலி எதுவுமில்லாமல் இதே முகாம்களைப் பற்றி எழுதினார். சோப்பு இல்லை, தண்ணீர் போதவில்லை, ஒரு கூடாரத்தில் இத்தனை பேர் என்று கண்டதைக் கண்டபடி பதிவுசெய்தார். அக்டோபரில் மறுபடி கேப்டவுனுக்குப் போனபோது கரையிறங்கவே விடாமல் திருப்பி அனுப்பினார்கள். வாக்குரிமைப் போராளி மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் அரசு அனுப்பிய பெண்கள் குழு சில சீர்திருத்தங்களைப் பரிந்துரைத்தது உண்மை. ஆனால் குழந்தைகளின் சாவுக்குத் தாய்மார்களின் அறியாமையும் ஒரு காரணம் என்று எழுதியது. பெண்கள் போனாலே பெண்களுக்கு நியாயம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும்.

முகாம்களில் சுமார் 28,000 போயர்கள் இறந்தார்கள். அவர்களில் 22,000 பேர் பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகள். கறுப்பினத்தவருக்கென்று தனி முகாம்கள் இருந்தன. அவற்றில் பதிவானதே 14,000 சாவுகளுக்கு மேல், அங்கும் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான். ஃபாசெட் குழு அந்தப் பக்கம் போகவில்லை. ஐரோப்பாவின் கோபமும் வெள்ளைத் தாய்மார்களுக்காகத்தான் பொங்கியது.

அப்படியானால் தென்னாப்பிரிக்கக் கறுப்புப் பெண் ஐரோப்பியக் கேலிச்சித்திரத்தில் இடம்பெறவே இல்லையா? இடம்பெற்றாள், வெபேருக்குத் தொண்ணூறு ஆண்டுகள் முன்பே. கொய்கொய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்ட்மனை 1810இல் லண்டனுக்குக் கொண்டுவந்து காட்சிப்பொருளாக நிறுத்தினார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் பார்த்தது அவருடைய பின்புறத்தை. அதே ஆண்டில் வில்லியம் ஹீத் வரைந்த கேலிச்சித்திரத்தில், கிரென்வில் பிரபு என்ற அரசியல்வாதியின் பின்புறத்தையும் சாராவின் பின்புறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொரு அரசியல்வாதி அளந்து பார்க்கிறார். கேலி அதிகாரத்தில் உள்ள ஆண்கள் மீதுதான். அதற்குப் பயன்பட்ட அளவுகோல் சாராவின் உடல்.

சாரா 1815இல் பாரிஸில் இறந்தார். உடலை அறுத்து ஆராய்ந்து, எலும்புக்கூட்டையும் உடலின் வார்ப்பையும் வைத்துக்கொண்டார்கள். வெபேரின் இதழைப் பாரிஸ் மக்கள் வாங்கிச் சிரித்த அந்த வாரத்தில், சாராவின் எலும்புகள் அதே நகரத்து அருங்காட்சியகத்தில்தான் இருந்தன. சொந்த மண்ணில் அவற்றை அடக்கம் செய்தது 2002 ஆகஸ்ட் 9இல்.