இறைத்துப் பாயும் நீர்

சில மாதங்களுக்கு முன் நமக்குத் தெரிந்த தம்பதியர் தங்கள் திருமண வெள்ளிவிழாவைக் கொண்டாடினர். பங்கு ஆலயத்தில் நன்றித் திருப்பலி, மாலை மாற்றல், அதன்பின் மண்டபத்தில் விருந்து. விருந்து முடிந்து கைகழுவும் இடத்தில் நின்றபோது விழா நாயகர் நம்மிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அண்ணே, இருபத்தைந்து வருசத்தில் நாங்கள் பெரிதாகச் சண்டை போட்டதில்லை. மேடையில் எல்லாரும் அதைத்தான் பாராட்டினார்கள். ஆனால் பிள்ளைகள் வெளியூர் போன பிறகு, பால் கணக்கையும் கரண்ட் பில்லையும் விட்டால் எங்களுக்குள் பேச ஒன்றுமில்லை."

நாம் எளிதாக ஓர் ஆலோசனை சொல்லிவிட்டோம்: நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கி இருவரும் பேசிப் பாருங்களேன் என்று. அவர் சிரித்தார். "நேரம் குறித்துக்கொண்டு பேசினால் அது நாடகமாகிவிடாதா அண்ணே?"

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அதுவே நம்மைத் தொடர்ந்து வந்தது.

தானாக ஊறுவதே அன்பு, முயன்று வரவழைப்பது அதன் போலி என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. 'நான் கேட்டு அவர் செய்தால் அதில் என்ன இருக்கிறது?' என்று மனைவியர் மனம் நோவதும் இதனால்தான். இதில் உண்மையே இல்லையென்று தள்ளிவிடவும் முடியவில்லை. ஆண்டு தவறாமல் கிறிஸ்துமசுக்குச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவளுக்குப் பிடித்த நிறம் எதுவென்று ஒருமுறையேனும் கவனியாத கணவனும் முயற்சி செய்கிறவன்தான். அம்முயற்சியை அன்பென்று அவளே ஒப்பமாட்டாள். ஆகவே முயற்சி யாவும் அன்பாகிவிடாது. ஆனால் அன்பில் முயற்சிக்கு இடமே இல்லையா?

நம் பழைய திரைப்படங்கள் பலவும் தாலி கட்டியதும் 'சுபம்' போட்டு விளக்கை ஏற்றிவிடும். காதலின் கதை அங்கே முடிந்தது என்று பார்த்துப் பழகியவர்கள் நாம். வள்ளுவரின் கணக்கோ வேறு. காமத்துப்பாலின் இருபத்தைந்து அதிகாரங்களில் களவியலுக்கு அவர் ஒதுக்கியவை 7, கற்பியலுக்கு 18. அதிலும் இறுதி மூன்று அதிகாரங்கள் முழுவதும் ஊடலைப் பற்றியவை. ஊடலை அவர் உப்புக்கு ஒப்பிடுகிறார். சற்றே கூடினாலும் சுவை கெடும் என்கிறார். உப்பு தானாக வந்து குழம்பில் விழுவதில்லை. அளவறிந்த கை ஒன்று இட வேண்டியிருக்கிறது. மணந்தபின் வரும் காதலுக்கு இத்தகைய கைப்பக்குவம் தேவையென்று கண்ட புலவரைக் காதலறியாதவர் என்று எவரும் சொல்லார்.

திருமண நாளில் பீடத்தின்முன் நாம் சொன்னதையும் எண்ணிப் பார்க்கலாம். 'இவர்மீது உனக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது?' என்று குருவானவர் கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் நேசிக்கவும் மதிக்கவும் அணியமா என்றே கேட்டார். திருமண ஒப்புதல் மன உறுதியினால் ஆகும் செயல் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் (1057ஆம் சட்டம்) வரையறுக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து என் நெஞ்சில் எத்தகைய உணர்ச்சி எழும் என்று இன்றே நான் எப்படி வாக்களிக்க முடியும்? செய்யக்கூடியதையே வாக்களிக்க முடியும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 13ஆம் அதிகாரத்தில் பவுலடியார் அன்பை விவரிக்கும் சொற்களும் கிரேக்க மூலத்தில் வினைச்சொற்களே. தமிழில் அவற்றுட் சில பண்புகளாகத் தோன்றுவதால் நமக்கு அது புலப்படுவதில்லை.

அவிலா நகர்ப் புனித தெரேசா, பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றில், செபத்தைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதோடு ஒப்பிடுகிறார். கிணற்றில் கையால் சேந்தி ஊற்றுவது ஒரு வகை. சக்கரத்தைச் சுழற்றி இறைப்பது அடுத்தது. உழைப்புச் சற்றுக் குறையும். ஆற்றையோ ஓடையையோ திருப்பிவிடுவது மூன்றாவது. வானமே பொழிவது நான்காவது. செபம் பழகுவோர் பெரும்பாலும் கிணற்றடியில் தொடங்குகிறார்கள். கமலை கட்டி இறைத்த ஊர்களில் வளர்ந்த நமக்கு இந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இல்லறத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. அங்கே மழைதான் முதலில். மணமான புதிதில் இறைக்காமலே எல்லாம் தளிர்க்கின்றன. மழை நின்றதும், தோட்டமே பட்டுப்போயிற்று என்று கைகட்டி நின்றுவிடுகிறோம். கிணறு இருக்கிறதே, வாளியும் கயிறும் இருக்கின்றனவே என்று நினைப்பதில்லை. சில நாள் கிணற்றிலும் நீர் இராது என்பதைத் தெரேசா மறைக்கவில்லை. அந்நாட்களிலும் தோட்டக்காரன் தன்னால் ஆவதைச் செய்கிறான். செபத்தில் சுவை அற்றுப்போன காலத்தும் முழந்தாளிடுகிறவனை நாம் நடிகன் என்பதில்லை. உறுதியுள்ளவன் என்கிறோம். மனைவியின் அருகில் பேச்சற்று அமர்ந்து, ஏதேனும் பேச முயல்கிறவனை மட்டும் ஏன் நடிகன் என்க வேண்டும்?

கபிரியேல் கால்வோ என்னும் ஸ்பானியக் குரு 1962இல் பார்சலோனாவில் தம்பதியருக்கென்று நடத்திய வார இறுதிக் கூட்டத்திலிருந்து வளர்ந்தது 'மேரேஜ் என்கவுண்டர்' இயக்கம். அதில் பயின்றவர்கள் அன்றாடம் பத்து நிமிடம் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி, பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேசுவது வழக்கம். ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு கடிதமா என்று நாமும் ஒருகாலத்தில் நகைத்ததுண்டு. வாய்ச்சொல் வழக்கமான தடத்திலேயே ஓடும். எழுத உட்கார்ந்தால்தான் மற்றவரைப் பற்றி நாம் எவ்வளவு குறைவாக அறிவோம் என்று தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை அநீதியாகிவிடும். முயற்சி என்ற சொல்லை நம் குடும்பங்கள் பன்னெடுங்காலம் பெண்ணின் தலையிலேயே ஏற்றிவந்தன. 'நீதான் அனுசரித்துப் போக வேண்டும்' என்று குடித்துவிட்டு அடிப்பவனிடமே மகளைத் திருப்பி அனுப்பிய பெற்றோரை நாம் அறிவோம். அதற்கு வேதத்தை மேற்கோள் காட்டியவர்களையும் அறிவோம். ஒருவர் மட்டும் இறைத்துக்கொண்டிருக்க, மற்றவர் தோட்டத்தை மிதித்தழிப்பதை இல்லறம் என்று சொல்ல முடியாது. உடலுக்கோ உள்ளத்துக்கோ கடும் ஆபத்து விளைவிக்கும் துணையைவிட்டு விலகி வாழத் திருச்சபைச் சட்டமே இடமளிக்கிறது (1153ஆம் சட்டம்). தாமதிப்பது ஆபத்தானால், முன் அனுமதிக்குக் காத்திராமலும் விலகலாம். நம் நாட்டில் 2005இல் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமும் வந்துவிட்டது. நாம் இங்கே பேசும் முயற்சி, அச்சமின்றி வாழும் இருவருக்குள் நிகழ்வது.

வெள்ளிவிழா நண்பரை அண்மையில் மீண்டும் சந்தித்தோம். மாலைதோறும் மனைவியுடன் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருகிறாராம். முதல் மூன்று நாள் இருவரும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் அவர் மனைவி கேட்டாராம்: "உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் நடக்கச் சொன்னாரா?" பதிலுக்கு என்ன சொல்வதென்று இவருக்குத் தெரியவில்லை. சில வாரங்கள் கழித்து ஒருநாள், தாம் ஆசிரியப் பயிற்சியைத் திருமணத்துக்காக இடையில் விட்டதை அந்த அம்மையார் பேச்சுவாக்கில் சொன்னார். அது இவர் அறிந்த செய்திதான். எழுதாமல் போன தேர்வின் அனுமதிச்சீட்டு இன்றும் பீரோவில் சேலைகளுக்கடியில் இருப்பதுதான் இவர் அறியாதது.

"அன்றிரவு தூங்கவில்லை அண்ணே" என்றார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "இன்னமும் பல நாள் நாடகம் போலத்தான் இருக்கிறது. ஆனால் நான் கடையிலிருந்து வரத் தாமதமானால், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்" என்றார்.